பூட்ஸ் குடுத்திருக்காங்க

அத்தியாயம் பதினான்கு

எட்டு மாதமாக நிற்காத வயிற்றுப்போக்கு. மூன்று முறை எடுத்த மலப் பரிசோதனை. குடலுக்குள் விட்டுப் பார்த்த காமிரா. எல்லாம் முடிந்து டாக்டரம்மா ஓர் அட்டை மாத்திரை எழுதிக் கொடுக்க, அந்த அட்டையோடு காந்தம் வீட்டுக்குத் திரும்பியதைப் போன வாரம் பார்த்தோம். இன்று காலை சாப்பிட்டதும் முதல் மாத்திரை போட வேண்டும்.

காந்தம் என்பது ஆலையில் வைத்த பேர். ஓடு சுடும் ஆலை அது. குழியில் கொட்டிய களிமண்ணை ஆறு பேர் வரிசையாக நின்று மிதிப்பார்கள். மண்ணுக்குள் கடுகளவு கல் கிடந்தாலும் இவர் காலுக்குத் தெரிந்துவிடும். குனிவார், எடுப்பார், வீசுவார். இரும்பைப் பிடிக்கிற காந்தம் மாதிரி கல்லைப் பிடிக்கிறானே என்று யாரோ சொல்லப்போக, பேர் ஒட்டிக்கொண்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆலையில் எல்லோருக்கும் ரப்பர் பூட்ஸ் வந்தது. அதற்குப் பிறகும் அவர் கல் பிடிப்பது குறையவில்லை. அதில் வீட்டுக்கும் ஒரு பெருமைதான்.

இப்போது அந்த ஆள் குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் போட்ட முக்காலியில் உட்கார்ந்திருந்தார். எட்டு மாதமாக அதுதான் இடம். "அப்பா ஆபீசுல இருக்காரு" என்பாள் மகள். இடுப்பு பெல்ட்டில் ஆணியால் போட்ட புது ஓட்டைகள் நாலு. சாயங்காலமானால் மட்டும் பாதம் வீங்கும். உடம்பெல்லாம் வற்றிக் காலில் மட்டும் நீர் கோத்துக்கொண்டது போல.

"காந்தம்! வீட்டுக்குள்ள இருக்கியா, இல்ல அந்த ஆபீசுக்குள்ள இருக்கியா?"

வாசலில் பாட்டுக்காரர். குழியில் காந்தத்துக்கு அடுத்து நிற்பவர். மிதிக்கும்போது ஆறு பேருக்கும் கால் ஒன்றாக விழுவது இவர் பாட்டுக்குத்தான்.

"இப்பதான் வெளிய வந்தேன். வா."

"எத்தனாவது?"

"நாலு. மணி இன்னும் எட்டாகலை."

"அப்ப இன்னைக்கு நல்ல போணிதான்." பாட்டுக்காரர் தோளிலிருந்த சாக்குப் பையை இறக்கி வைத்துவிட்டுக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "ஆலையில உன் சாமான் பெட்டியைத் தற்காலிக ஆளுக்குக் குடுத்துட்டாங்க. உன் சாமானெல்லாம் இதுல இருக்கு. சீப்பு உட்பட. தலையில முடி இல்லாதவனுக்கு எதுக்குய்யா சீப்பு?"

"இருந்தப்ப வாங்கினது."

காந்தத்தின் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் இஸ்திரி போடுகிறவள். இன்று கணவனுக்கு முதல் மாத்திரை என்பதால் அரைநாள் லீவு. கையில் தண்ணீர், ரொட்டித் துண்டு, மாத்திரை அட்டை.

அட்டையைப் பார்த்ததும் பாட்டுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து தன் அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதே வெள்ளி நிறம், அதே சிவப்புக் கோடு, அதே எழுத்து.

"நம்ம ஆளு! எனக்கு மூச்சு இளைப்புக்கு இதைத்தான் குடுத்திருக்காங்க. ரெண்டு மாசமா போடுறேன்."

"ஒண்ணும் பண்ணாதில்ல, அண்ணே?" என்றாள் அவள்.

"என்ன பண்ணும் தங்கச்சி? பசி எடுக்கும். சோத்துப் பானையை ஒளிச்சு வை, அவ்வளவுதான். எனக்கும் கொஞ்ச நாளா வயிறு கலக்குது. அது மாத்திரையால இல்ல. குழியில பாதிப் பேருக்குக் கலக்குது. தண்ணி சரியில்ல."

சங்கு ஊதுவதற்குள் போக வேண்டும் என்று அவர் கிளம்பினார். படி இறங்கும்போது வழக்கம்போல ஒரு பாட்டை எடுத்தார். முதல் வரி முடிவதற்குள் இருமல் வந்து அதை வாங்கிக்கொண்டது.

காந்தம் ரொட்டியை மெதுவாகத் தின்றார். அவள் சாக்குப் பையைப் பின்பக்கச் சுவரோரம் கொண்டுபோய்க் கவிழ்த்தாள். ஒரு துண்டு, ஒரு தூக்குச்சட்டி, சீப்பு, கடைசியாகக் கறுப்பு ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி. மேலெல்லாம் காய்ந்த மண் தெறிப்பு. கழுவிக் காயவைக்கலாம் என்று ஒன்றை எடுத்துத் திருப்பினாள்.

அடியில் மஞ்சள் வட்டமாக ஒரு காகிதம். அதில் அளவு ஒன்பது.

கடையில் புதுத் துணியிலிருந்து அளவுச் சீட்டைப் பிய்த்துப் பிய்த்துப் பழகிய விரல் அவளுடையது. ஒட்டுச் சீட்டின் ஆயுள் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். ஒரு தண்ணீர் தாங்காது. அடுத்த பூட்ஸையும் திருப்பினாள். அதிலும் ஒன்பது, ஓரம்கூடக் கிளம்பாமல். அடியிலிருந்த பள்ளங்களில் விரலை விட்டுப் பார்த்தாள். மண் இல்லை. தூசிதான் வந்தது.

பூட்ஸைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

காந்தம் ஒரு கையில் மாத்திரையும் ஒரு கையில் தண்ணீருமாக இருந்தார்.

"கீழ வைங்க."

"எதை?"

"மாத்திரையை. கீழ வச்சுட்டு இதைப் பாருங்க."

பூட்ஸின் அடிப்பக்கம் அவர் மூக்குக்கு நேரே வந்தது. அவர் ஒன்பதைப் பார்த்தார். ஒன்பது அவரைப் பார்த்தது.

"மூணு வருஷமா இதை எங்க போட்டு நடந்தீங்க? வானத்துலயா?"

அவர் கழுத்தைச் சொறிந்தார்.

"பூட்ஸ் போட்டுக்கிட்டு ஒரு மனுஷனுக்குக் கடுகளவு கல்லு எப்படித் தெரியும்? எனக்கே தோணலை பாருங்க. ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு வேற திரிஞ்சேன்."

"சேறு பூட்ஸைக் கவ்விப் பிடிச்சுக்கும். காலைத் தூக்கினா கால் மட்டும்தான் வரும்" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "யாருமே போடறதில்ல. ஆய்வுக்கு ஆள் வந்தா கரையில உக்காந்து கால்ல மாட்டிக் காட்டுவோம். மேல கொஞ்சம் மண்ணைத் தெளிச்சுக்குவோம். அதுக்கும் வயித்துக்கும் என்ன சம்பந்தம்? நீ ஏன் இப்ப..."

அவள் அலமாரியிலிருந்து ஆஸ்பத்திரி உறையை எடுத்தாள். டாக்டரம்மா கொடுத்த கேள்வித்தாளின் நகல் அதில் இருந்தது. இருபத்தொரு கேள்வி. மகள் பார்சல் ஆபீசில் கவுன்டரில் இருப்பவள். படிவம் என்றால் அவளுக்கு அல்வா. அப்பாவைக் கேட்டுக் கேட்டு எழுதிவிட்டு, அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது எல்லாவற்றையும் வாசித்தும் காட்டினாள். அதில் ஒரு கேள்விக்கு இவள் சிரித்ததும், "வயித்து நோய்க்குக் காலை எதுக்கடி கேக்குறாங்க?" என்று கேட்டதும் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

இப்போது விரலை வைத்து எழுத்துக் கூட்டி அந்தக் கேள்வியைக் கண்டுபிடித்தாள். மண்ணில் அல்லது சேற்றில் வெறுங்காலுடன் நடக்கும் வழக்கம் உண்டா? எதிரே மகளின் குண்டுக் கையெழுத்தில்: இல்லை.

"நீங்க என்ன சொன்னீங்க அவகிட்ட?"

"பூட்ஸ் குடுத்திருக்காங்கன்னு சொன்னேன்."

"குடுத்திருக்காங்க!"

"குடுத்திருக்காங்கதானே? பொய்யா சொன்னேன்?"

பொய் இல்லை. அதுதான் அந்தப் பதிலின் அழகு. போன வருஷம் ஒருவர் காலில் கண்ணாடி கிழித்துப் பெரிய ரகளையான பிறகு, இனி வெறுங்காலோடு குழியில் இறங்குகிறவனுக்கு ஆலையில் இடமில்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். ஆனால் பூட்ஸ் போட்டு மிதித்தால் மண் பதமாகாது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட சூப்பர்வைசர்தான் ஆறு பேரையும் நிற்க வைத்துச் சொல்லிக் கொடுத்தார். யார் வந்து, எந்த விதமாகக் கேட்டாலும் ஒரே பதில்: "பூட்ஸ் குடுத்திருக்காங்கய்யா." ஆறு பேரும் ஒரே குரலில் சொல்வார்கள். பாட்டுக்காரர் அதற்கு ஒரு மெட்டுக்கூடப் போட்டு வைத்திருந்தார்.

ஆஸ்பத்திரி நாற்காலியில் மகள் "வெறுங்கால்" என்று ஆரம்பித்ததும் காந்தத்தின் வாய் தானாகத் திறந்து அந்தப் பதிலைச் சொல்லிவிட்டது. அவர் யோசிக்கவே இல்லை.

"வயித்துக்குக் கேட்ட இருபத்தொரு கேள்வியில கால் ஒண்ணு" என்றாள் மனைவி. "சும்மா கேட்டிருப்பாங்களா? தெரியாமத்தான் கேக்குறேன்."

"அந்தத் தாளு எங்கெங்க போகும்னு உனக்குத் தெரியுமா? ஆலைக்குப் போச்சுன்னா? குழியை விட்டா எனக்கு வேற என்ன தெரியும்? இந்த உடம்பை வச்சுக்கிட்டு மூட்டை தூக்கவா?"

அவள் மாத்திரையை எடுத்து, அட்டையில் பிரித்த குழிக்குள்ளேயே திரும்ப வைத்து, தாளால் அழுத்தி மூடினாள்.

"குழி இருக்கும். மிதிக்க நீங்க இருக்கணுமே" என்றாள். போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள்.

* * *

மகள் அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிட்டாள், பார்சல் ஆபீஸ் நீலச் சட்டையோடு. அப்பாவை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தாள். அது திட்டுவதைவிட மோசம்.

வெளிநோயாளி வரிசையில் உட்கார்ந்த பிறகுதான் ஆரம்பித்தாள்.

"நான் கவுன்டர்ல தினமும் இருநூறு பேரைக் கேக்குறேன், உள்ள உடையற சாமான் இருக்கான்னு. எல்லாரும் இல்லன்னுதான் சொல்றாங்க. குலுக்கிப் பாத்துத்தான் ஒட்டுறேன். உங்களைக் குலுக்காம விட்டுட்டேன்ப்பா."

"பாப்பா, நீ கேட்ட கேள்வி..."

"எனக்கும் புத்தியில்ல. வெறுங்காலான்னு கேட்டேன், பூட்ஸ் குடுத்திருக்காங்கன்னு சொன்னீங்க. அது பதிலே இல்ல. நானா 'இல்லை'ன்னு எழுதிக்கிட்டேன்."

"சண்டையை வீட்டுல வச்சுக்கலாம்" என்றாள் அம்மா. பூட்ஸ் அவள் மடியில் துணிப் பைக்குள் இருந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார்.

காந்தம் நடுவில் ஒருமுறை எழுந்து கழிவறை போய் வந்தார். அந்த ஆஸ்பத்திரியில் எந்தக் கழிவறைத் தாழ்ப்பாள் வேலை செய்யும் என்பது வரைக்கும் அவருக்கு இப்போது அத்துப்படி.

டாக்டரம்மா சிறிய உருவம், பெரிய கண்ணாடி. மேஜையில் இருந்த கோப்புகளுக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தார். "நாளு குறிச்சது அடுத்த வாரத்துக்கு ஆச்சே? மாத்திரை ஒத்துக்கலையா?"

"போடவே இல்லீங்க" என்றாள் மனைவி. பையிலிருந்து பூட்ஸை எடுத்து, கோப்புகளின் மேல் கவிழ்த்து வைத்தாள். ஒன்பதும் ஒன்பதும் மேலே பார்த்தன.

டாக்டரம்மாவுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பிறகு மகளைப் பார்த்தார், கேள்வித்தாளைத் தேடி எடுத்தார், அந்தக் கேள்வியில் விரலை வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐயா, நீங்களே சொல்லுங்க."

காந்தம் எழுந்து நின்றார். உட்காருங்கள் என்று சொன்ன பிறகும் நின்றார்.

"வெறுங்காலுங்க. பதினெட்டு வருஷமா. குடுத்திருக்காங்க, ஆனா போடலைங்க."

அவ்வளவுதான். சொல்லி முடித்ததும், மண்ணிலிருந்து ஒரு கல்லை எடுத்து வீசியது போல இருந்தது அவருக்கு.

"அந்த மண்ணு பக்கத்துல கழிவறை உண்டா?"

"பின்னாலதாங்க. மழைக்குத் தொட்டி நிரம்பி வழியும். போன மழைக்கு மண்ணு குவிச்ச இடம் வரைக்கும் வந்துச்சு."

டாக்டரம்மா அதைக் கோப்பில் எழுதிக்கொண்டு, ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்து மகள் பக்கம் திருப்பினார்.

"பாரும்மா. ரத்தம் குறைவு, புரதம் குறைவு. புரதம் குறையறதாலதான் கால் வீங்குது. குடல் சரியா உறிஞ்சலைன்னா ரெண்டும் குறையும். அது எனக்கு ஆச்சரியம் இல்ல. இந்த வரிதான் என்னை உறுத்திக்கிட்டே இருந்தது. வெள்ளணுவுல ஈசினோபில்னு ஒரு வகை. நூத்துல ஆறு தாண்டக் கூடாது. அப்பாவுக்கு இருபத்திரெண்டு. அலர்ஜியா இருக்கலாம், சில மருந்தால ஏறலாம், சில குடல் நோயிலயும் ஏறும். புழுவாலயும் ஏறும். அதுக்குத்தான் மூணு தடவை மலம் பாத்தேன். இல்லன்னு வந்துச்சு. மண்ணுல காலு படறதான்னு கேட்டேன். இல்லன்னு வந்துச்சு. காமிராவுல குடல் புண்ணாத் தெரிஞ்சுது. அதனால குடல் அழற்சின்னு நினைச்சு அந்த மாத்திரையை எழுதினேன்."

"புண்ணு இருக்கறது நிஜம்தானே டாக்டர்?"

"நிஜம். ஆனா யாரு போட்டதுன்னு புண்ணுல எழுதியிருக்காதே."

மனைவி தலையாட்டினாள். அவளுக்கு அது புரிந்தது.

"ஒரு புழு இருக்கு" என்றார் டாக்டரம்மா. "மயிர் நுனி மாதிரி, கண்ணுக்குத் தெரியாது. கழிவு கலந்த ஈர மண்ணுல இருக்கும். வாயால போகாது, கால் தோலைத் துளைச்சுக்கிட்டு உள்ள போகும். சுத்தி வந்து குடல்ல குடியேறிடும். வெளிய வந்தாத்தானே நாம பிடிக்க? இது தினமும் வராது. உள்ளேயே பெருகி உள்ளேயே சுத்தும், வருஷக்கணக்கா. மூணு தடவை பாத்தாலும் தப்பிக்கிற ஜாதி."

"தோலைத் துளைச்சா?" மனைவியின் குரல் மாறியது. "ஏங்க, அந்தக் கோடு!"

"சும்மா இரு" என்றார் காந்தம் அவசரமாக.

"என்ன கோடு?" டாக்டரம்மா விடவில்லை.

"இவருக்கு அப்பப்ப உக்கார்ற இடத்துல அரிப்பு வருங்க. சிவப்பா ஒரு கோடு தடிக்கும். நான் எண்ணெய் எடுத்துட்டு வர்றதுக்குள்ள அது ஒரு விரக்கடை தள்ளிப் போயிருக்கும். ஓடுற கோடுன்னு நாங்களே பேரு வச்சிருந்தோம். மறுநாள் பாத்தா இருக்காது."

"எட்டு மாசத்துல ஒரு தடவைகூட இதை ஏன் என்கிட்ட சொல்லலை?"

காந்தம் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இருபத்தொரு கேள்வியில அந்த இடத்தைக் கேக்கலீங்களே."

மகள் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. டாக்டரம்மாவே வாயைப் பொத்திக்கொண்டார். அறையில் அவர்கள் நுழைந்ததிலிருந்து முதல் சிரிப்பு அது.

சிரிப்பு அடங்கியதும் டாக்டரம்மா மனைவி நீட்டிய மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார். எல்லாக் குழியும் நிறைந்திருந்தது. ஒன்று மட்டும் பிரித்து மூடியிருந்தது.

"நல்ல வேலை பண்ணீங்கம்மா. இந்த மாத்திரை கிருமியைத் தடுக்கிற உடம்போட காவலைத் தூங்க வைக்கிற மாத்திரை. வேற நோய்க்கு அது நல்லது. இந்தப் புழு உள்ள இருந்தா அது மாதிரி கெடுதல் வேற இல்ல. காவல் தூங்கினதும் புழு பல மடங்கு பெருகி, குடலை விட்டு நுரையீரல், ரத்தம்னு எங்கயும் போகும். உயிரே போயிடலாம்."

காந்தத்தின் மனைவி பூட்ஸை மெதுவாகப் பைக்குள் வைத்தாள்.

"இப்பவும் புழுதான்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். இன்னைக்கு ரத்தம் எடுப்போம், அந்தப் புழுவுக்குன்னே ஒரு சோதனை இருக்கு. மலத்தை ஒரு தட்டுல வச்சு ரெண்டு மூணு நாள் விட்டுப் பாப்போம். இருந்தா அது ஊர்ந்த தடம் தட்டுல கோடாத் தெரியும். இருக்குன்னா அதுக்கு மருந்து இருக்கு. ரொம்ப நாள் சாப்பிட வேண்டியதுகூட இல்ல. இல்லன்னா மறுபடி குடல் அழற்சிப் பக்கம் வருவோம். அதுவரைக்கும் இந்த அட்டை என்கிட்டயே இருக்கட்டும்."

காந்தம் தொண்டையைச் செருமினார். "டாக்டரம்மா, இது ஆலைக்குப் போகுமா?"

"எது?"

"வெறுங்காலுன்னு எழுதினீங்களே."

"இது உங்க கோப்பு. நீங்க சொல்லாம என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வெளிய போகாது."

அவர் அப்போதுதான் உட்கார்ந்தார். முகத்தில் எட்டு மாதமாகக் காணாமல் போயிருந்த ஏதோ ஒன்று திரும்பி வந்தது. குழி பத்திரம். உடம்புக்கும் வழி இருக்கிறது. மகள் அவர் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

டாக்டரம்மா எழுதிக்கொண்டே கேட்டார்: "அந்தக் குழியில எத்தனை பேரு?"

"ஆறு பேருங்க."

"வேற யாருக்காவது வயிறு?"

பாதிப் பேருக்குக் கலக்குது. காலையில் நிலைப்படியில் கேட்ட குரல். காந்தம் மனைவியைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாதிப் பேருக்கு இருக்குங்க" என்றார் அவர். வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. "அதுல ஒருத்தரு எனக்கு அடுத்து நிக்கிறவரு. இளைப்புக்காக ரெண்டு மாசமா ஒரு மாத்திரை போடுறாரு. இன்னைக்குக் காலையில ரெண்டு அட்டையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தோம். இதே மாத்திரைங்க."

பேனா நின்றது.

"இருமல் உண்டா?"

"இப்ப பாடவே விடமாட்டேங்குது."

டாக்டரம்மா எழுந்தே விட்டார். "அவரை இன்னைக்கே கூட்டிட்டு வாங்க. மாத்திரையை நிறுத்துன்னு நீங்களா சொல்லிடாதீங்க, ரெண்டு மாசம் போட்டதைத் திடீர்னு நிறுத்தினா அது வேற ஆபத்து. என்கிட்ட கூட்டிட்டு வாங்க, போதும். நான் இருப்பேன்."

* * *

ரத்தம் கொடுத்துவிட்டு, பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே காந்தம் மூன்று முறை போன் பண்ணினார். பாட்டுக்காரர் எடுக்கவில்லை. குழியில் இருந்தால் எடுக்க முடியாது, கை முழுக்க மண்ணாக இருக்கும் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

ஆலைக்குப் பஸ்ஸில் இருபது நிமிஷம். மனைவி ஜன்னல் பக்கம், அவர் பக்கத்தில். மகள் நின்றுகொண்டு வந்தாள்.

"அவரை மட்டும் தனியாக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிடலாம்ப்பா" என்றாள் மகள். "சூப்பர்வைசருக்குத் தெரிய வேண்டாம். உங்களுக்கும் வேலை போகாது."

காந்தம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "மத்த நாலு பேரு?"

"அவங்களுக்கும் தனித்தனியா..."

"மண்ணு அங்கேயேதானே பாப்பா கிடக்கு. நாளைக்கும் அதுலதானே மிதிப்பாங்க. என் இடத்துல தற்காலிக ஆளு ஒருத்தன் வேற நிக்கிறான்."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

ஆலை வாசலில் கூரை ஓடுகள் வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. உலைப் பக்கமிருந்து சூடு வந்தது. குழிக்குள் யாருடைய கால் சத்தமும் ஒன்றாக விழவில்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரத்தில் மிதித்துக்கொண்டிருந்தார்கள். மேட்டில் கொண்டுவந்து கொட்டிய புது மண் ஈரமாகப் பளபளத்தது.

கரைக்கு வந்ததும் காந்தத்தின் வலது கால் தானாகச் செருப்பைக் கழற்றியது. பதினெட்டு வருஷப் பழக்கம்.

"என்னங்க" என்றாள் மனைவி.

அவர் குனிந்து பார்த்தார். செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டார். குழிக்கு வந்தும் இறங்காமல் கரையிலேயே அவர் நின்றது அன்றுதான் முதல் முறை.

"என்ன காந்தம், உடம்பு தேவலையா?" சூப்பர்வைசர் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். கூட வந்த இருவரையும் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "யாரு இவங்க? ஆய்வு ஆபீசா? பூட்ஸைப் பத்தி யாராவது கேட்டா தெரியும்ல?"

"என் வீட்டுக்காரியும் மகளும். யாரும் கேக்கலை. நானாத்தான் சொல்ல வந்தேன்."

மனைவியின் கையிலிருந்த பையை வாங்கி, பூட்ஸை எடுத்து, அடிப்பக்கம் குழியைப் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தார். மிதித்துக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள்.

"ஏய் எல்லாரும் கேளுங்க. எனக்கு வந்த வயித்து நோய் இந்த மண்ணால வந்ததா இருக்கலாம்னு டாக்டரம்மா சொல்றாங்க. கழிவறைத் தொட்டி வழிஞ்சு கலந்த மண்ணு. வெறுங்கால் வழியா உள்ள போகுமாம். எல்லாரும் கரையேறுங்க. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்துக்கிட்டு அப்புறம் பேசலாம். பூட்ஸ் குடுத்திருக்காங்க. ஆனா நான் போடலை. நீங்களும் போடலை."

"யோவ்!" சூப்பர்வைசரின் நோட்டுப் புத்தகம் கீழே விழுந்தது. "என்ன பேசறேன்னு தெரிஞ்சுதான் பேசறியா? முதலாளி காதுக்குப் போனா உன் வேலை மட்டுமா போகும்? என் வேலையும் போகும்!"

"தெரியும்" என்றார் காந்தம். அமைதியாகத்தான் சொன்னார். "வேலையைப் பத்தி அப்புறம் என்னைத் திட்டுங்க, நான் எங்கயும் ஓடிப் போக மாட்டேன். முதல்ல ஒரு ஆளை அனுப்புங்க என்கூட."

அவர் குழியை எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அப்புறம் தன் இடத்தில் நிற்கும் புது ஆள். அதற்கு அடுத்த இடத்தில் மண் மட்டும் இருந்தது. அதில் இரண்டு கால் குழி, தண்ணீர் தேங்கி.

"பாட்டுக்காரர் எங்க?"

குழிக்குள்ளிருந்து ஒருவர் நெற்றி மண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பத்து மணிக்கே போயிட்டாரு. மூச்சு முட்டுதுன்னாரு. நீதான் காலையில அவருக்கு நல்ல வார்த்தை சொன்னியாமே? நம்ம காந்தத்துக்கும் இதே மாத்திரைதான், அப்ப நல்ல மாத்திரையாத்தான் இருக்கும், இன்னைக்கு ரெண்டாப் போட்டுக்கிறேன்னு சொல்லிட்டு, இங்க கரையிலேயே உக்காந்து போட்டாரு."

கரையில், பாட்டுக்காரர் உட்கார்ந்த இடத்தில், அவருடைய பூட்ஸ் கிடந்தது. அவசரத்தில் உதைபட்டுக் கவிழ்ந்திருந்தது.

அதன் அடியில் மஞ்சள் வட்டத்தில் ஏழு.